கொறங்காடு: மேய்ச்சலுக்கு ஓர் அளவு

மேய்ச்சலை நம்பிய கால்நடை வளர்ப்பு நீடித்து நிலைக்கக்கூடியதா என்னும் வினா இன்று உலகெங்கும் விவாதிக்கப்படுகிறது. அசைபோடும் விலங்குகள் வெளியிடும் மீத்தேனைச் சுட்டி, மாடு வளர்ப்பையே குறைத்தாக வேண்டும் என்று ஒரு தரப்பார் கூறுகின்றனர். முறையாக மேயும் மாடு மண்ணை வளப்படுத்தி, காற்றிலுள்ள கரியையும் நிலத்துக்குள் சேர்க்கிறது என்று மறுதரப்பார் வாதிடுகின்றனர். இரு தரப்பாரும் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்கப் புல்வெளிகளிலிருந்தோ ஆஸ்திரேலியப் பெரும்பண்ணைகளிலிருந்தோ ஐரோப்பியப் பால்பண்ணைகளிலிருந்தோ வருவதால், தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் மாடும் ஆடும் மேய்ந்தும் புல் அற்றுப்போகாத கொங்குநாட்டுக் கொறங்காடு இவ்விவாதத்தில் பேசப்படுவது அரிது. பேசப்பட வேண்டிய முறை அது. மேய்ச்சல் எந்த எல்லை வரை நிலைக்கும், எங்கே அது உடைகிறது என்னும் இரண்டையும் அது ஒருசேரக் காட்டுகிறது.

கொறங்காடு என்பது தனியார் பட்டா நிலத்தில் உழவர்கள் வேலியிட்டுப் பேணும் மானாவாரி மேய்ச்சல் காடு. திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களிலும், அவற்றை ஒட்டிய கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டப் பகுதிகளிலும் இது பரவியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த இந்நிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் அளவிலேயே மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வந்து முடிந்துவிடும். மண்ணோ ஆழமில்லாத, சரளையும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த செம்மண். இத்தகைய நிலத்தை ஆண்டுதோறும் உழுது பயிரிட்டால் மேல்மண் காற்றிலும் மழையிலும் கரைந்து போகும், விளைச்சலும் செலவுக்குக் கட்டாது. இதைக் கண்ட உழவர்கள் அந்நிலத்தைப் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டு, அவற்றின் வழியாகக் கால்நடையை விளைச்சலாக எடுத்தனர்.

ஒரு கொறங்காட்டை அருகில் சென்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் வேலி. கிளுவை என்னும் முள்ளுள்ள சிறு மரத்தின் கொம்புகளை வெட்டி, மழைக்கு முன்னர் நெருக்கமாக ஊன்றிவிட்டால், அவை வேர்பிடித்துத் தழைத்துச் சில ஆண்டுகளில் ஆட்டுக்குட்டியும் நுழைய முடியாத உயிர்வேலியாகிவிடும். இரு காடுகளின் வேலிகளுக்கு இடையே செல்லும் தடத்துக்குக் கொங்குநாட்டில் இட்டேரி என்று பெயர். மாடுகள் வீட்டுக்கும் காட்டுக்கும் போய்வரும் வழியும் அதுவே, பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்து ஓணானுக்கும் கௌதாரிக்கும் கீரிக்கும் புகலிடம் தரும் இடமும் அதுவே. வேலிக்குள் தரையெங்கும் கொழுக்கட்டைப்புல் தூர் தூராக நிற்கும். மழை பெய்த ஆண்டில் அதன் ஊடே நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் தரையோடு படர்ந்திருக்கும். இவ்விரண்டும் பயறுவகைச் செடிகள். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதோடு, புல்லில் குறைவாக உள்ள புரதத்தையும் மாட்டுக்கு அவை கொடுக்கின்றன. இவற்றுக்கு மேலே, ஆங்காங்கே இடைவெளி விட்டு, வெளிறிய பட்டையோடு வெள்வேல மரங்கள் நிற்கும்.

புல், பயறுச்செடி, மரம் என்னும் இந்த மூன்று அடுக்குகளும் ஆண்டின் வெவ்வேறு காலத்தில் தீனி தருவதில்தான் கொறங்காட்டின் நுட்பம் இருக்கிறது. மழை இறங்கிப் புல் துளிர்க்கும் நாட்களில் உழவர்கள் வேலியின் வாயிலான படலை அடைத்து மாட்டைக் காட்டுக்குள் விடாமல் வைத்திருப்பார்கள். புல் தூர்கட்டிக் கதிர்விட்டு விதை உதிர்க்கத் தொடங்கிய பிறகே மேய்ச்சல் திறக்கும். மாசி, பங்குனியில் பச்சை காய்ந்தாலும் கொழுக்கட்டைப்புல் நின்றபடியே வைக்கோலாகிச் சத்து முழுவதும் போகாமல் நிற்கும். சித்திரை, வைகாசியில் அதுவும் தேய்ந்துவிடும் நேரத்தில் வெள்வேலங்காய் முற்றி உதிரத் தொடங்கும். காற்றடித்த மறுநாள் காலை ஆடுகள் மரத்துக்கு மரம் ஓடி அந்தக் காய்களைப் பொறுக்கித் தின்பதைக் காணலாம். தடித்த தோலுள்ள அதன் விதைகள் ஆட்டின் வயிற்றுக்குள் சென்று புழுக்கையோடு வெளிவரும்போது மேலும் எளிதாக முளைக்கின்றன. கோடையின் நடுவே நிழல் கொடுப்பதும், ஏருக்கும் வண்டிக்கும் மரம் கொடுத்ததும் இதே வெள்வேலம்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, புல் அடர்த்தி குறையும்போது, மழைக்காலத்தில் நிலத்தை மேலாக உழுது சோளமோ கம்போ கொள்ளோ விதைத்து அறுத்தபின், மண்ணில் கிடந்த புல்விதை மீண்டும் எழும்ப விட்டுவிடுவார்கள்.

மழைக்குப்பின் படலை அடைத்து வைப்பது ஏன் இத்தனை முக்கியம் என்பதைப் புல்லின் உடற்கூறு விளக்கும். பல்லாண்டு வாழும் புல்வகைகள் தங்கள் இலைகள் உருவாக்கும் மாவுச்சத்தில் ஒரு பங்கைத் தண்டின் அடிப்பகுதியிலும் வேரிலும் சேமித்து வைக்கின்றன. மாடு இலையைக் கடித்தபின் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்தே புதிய இலை வளர்கிறது. புதிய இலை விரிந்து, தான் வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தும் முன்பே மீண்டும் மாடு கடித்தால், புல் வேரைச் சுருக்கிக்கொண்டு இலையை வளர்க்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் வேர் மேலோட்டமாகி, அடுத்த வறட்சியில் தூரே பட்டுவிடும். மாடு விரும்பித் தின்னும் புல் இவ்வாறு முதலில் அழிவதால், மாடு தொடாத முட்செடிகளும் கசப்புச் செடிகளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மிகைமேய்ச்சல் என்று அறிவியல் நூல்கள் சொல்வது இதைத்தான். எத்தனை மாடு மேய்ந்தது என்பதோடு, ஒரே தூரை எத்தனை நாள் இடைவெளியில் கடித்தது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. பல கொறங்காடுகளை வைத்திருக்கும் உழவர் ஒன்றை மேயவிட்டு மற்றொன்றை ஆறவிடுவதும், மழை பொய்த்த ஆண்டில் ஆடுகளை விற்று எண்ணிக்கையைக் குறைப்பதும் இந்த இடைவெளியைக் காப்பதற்கே.

இந்த இடத்தில் கொழுக்கட்டைப்புல்லைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு மீட்டர் ஆழம் வரை வேர்விட்டு வறட்சியைத் தாங்கும் இப்புல் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இந்தியாவிலும் இயல்பாக வளர்வது. மாட்டுத்தீவனமாக ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டபோது அது அங்கே கட்டுக்கடங்காமல் பரவிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சொனோரா பாலைவனத்தில் இயற்கையாகத் தீ பரவுவது அரிது. அங்குள்ள நெடுங்கள்ளிகளுக்குத் தீயைத் தாங்கும் இயல்பு கிடையாது. அந்தக் கள்ளிகளுக்கு இடையிலிருந்த வெற்றுத்தரையை இந்தக் காய்ந்த புல் நிரப்பியதும் தீ ஓடுவதற்கு வழி பிறந்தது. காங்கேயத்தில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் புல்லே அங்கே காட்டை எரிக்கும் புல்லாகியிருக்கிறது. ஒரு நாட்டின் மேய்ச்சல் முறையை அப்படியே எடுத்து மற்றொரு நாட்டில் நடுவது எத்தனை ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

இனி, மேய்ச்சலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் அடிப்படை நியாயத்தைப் பார்க்கலாம். புல்லின் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள்; அதைச் செரிக்கும் ஆற்றல் மனித வயிற்றுக்கு இல்லை. மாடு, எருமை, ஆடு ஆகிய அசைபோடும் விலங்குகளின் இரைப்பை நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றுள் பெரியதான முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அந்த நாரை நொதிக்கவைத்து விலங்கு உறிஞ்சக்கூடிய சத்தாக மாற்றுகின்றன. பயிர் விளையாத நிலத்தில், மனிதர் தின்ன முடியாத பொருளிலிருந்து, பாலும் இறைச்சியும் எருவும் உழைப்பும் கிடைப்பது இதனால்தான். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணக்கு, உலகக் கால்நடைகள் உண்ணும் தீவனத்தில் ஏறத்தாழ 86 விழுக்காடு மனிதர் உண்ண இயலாதது என்று காட்டியது. கொறங்காட்டின் தீவனம் ஏறக்குறைய முழுவதுமே இந்த வகையைச் சேர்ந்தது என்பதும், அதை வளர்க்க ஆழ்துளைக் கிணற்று நீரோ ரசாயன உரமோ தேவைப்படவில்லை என்பதும் அதன் மிகப்பெரிய வலிமை.

ஆனால் அதே நொதித்தல்தான் மீத்தேனையும் உண்டாக்குகிறது. வயிற்றில் உருவாகும் இந்த வாயுவை மாடு ஏப்பமாக வெளியே விடுகிறது. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில், அதாவது புவியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கும் வாயுக்களில், 14.5 விழுக்காடு கால்நடைத் துறையைச் சேர்ந்தது என்று மேற்சொன்ன அமைப்பு 2013-இல் மதிப்பிட்டது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஏப்பத்தில் வரும் மீத்தேன். புல் காற்றிலிருந்து எடுத்த கரியே மாட்டின் வழியாகத் திரும்பிச் செல்வதாலும், மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடுவதாலும், மந்தையின் எண்ணிக்கை பெருகாமல் நிலையாக இருந்தால் அது காற்றில் மேலும் மேலும் குவிவதில்லை என்பது உண்மை. எனினும் காற்றில் இருக்கும் காலத்தில், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப்போல சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்பதும் உண்மை. மேலும், நார் மிகுந்த தீனியைத் தின்று குறைவாகக் கறக்கும் மாடு, ஒரு லிட்டர் பாலுக்கு என்று வகுத்தால், பண்ணை மாட்டைவிட அதிக மீத்தேனை வெளியிடவே செய்யும். மேய்ச்சலை நேசிப்பவர்கள் இந்த உண்மையை மறைக்கக் கூடாது.

மண்ணில் கரி சேர்வது இதை ஈடுகட்டாதா என்னும் கேள்வி எழுகிறது. ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஆலன் சேவரி, மந்தைகளை நெருக்கமாகத் திரட்டி அடிக்கடி இடம்மாற்றி மேய்த்தால் பாலையாகும் நிலங்களை மீட்டு, காலநிலை மாற்றத்தையும் திருப்பலாம் என்று 2013-இல் ஆற்றிய உரை உலகெங்கும் பரவியது. அந்த எதிர்பார்ப்பை ஆராய்ந்த ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2017-இல் வெளியிட்ட அறிக்கை, மிகச் சாதகமான அனுமானங்களை எடுத்துக்கொண்டாலும் மேயும் விலங்குகளின் வாயு வெளியீட்டில் 20 முதல் 60 விழுக்காடு வரையே மண்ணால் ஈடுகட்ட முடியும் என்று முடிவு கூறியது. சீர்கெட்ட நிலம் தேறிவரும் சில பத்தாண்டுகளுக்கே கரி வேகமாகச் சேரும், பிறகு மண் நிறைவுநிலையை அடைந்துவிடும். சரளையும் வெப்பமும் மிகுந்த காங்கேயத்துச் செம்மண்ணில் இந்த வரம்பு மேலும் தாழ்வானதே. ஆகவே கொறங்காட்டைக் கரிச்சேமிப்புக் கிடங்காகப் புகழ்வது அதற்குப் பொருந்தாத புகழ். மேல்மண் அரிக்கப்படாமல் இருப்பதும், மழைநீர் புல்தூரில் தடைபட்டு உள்ளிறங்குவதும், ஆண்டுதோறும் உழாத நிலத்தில் உள்ள கரி அங்கேயே தங்குவதும் அதன் மெய்யான பயன்கள்.

எனவே மேய்ச்சலின் நிலைத்தன்மையை ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு வாயு என்னும் ஒற்றை அளவுகோலால் அளப்பது போதாது. படலுக்கு வெளியிலிருந்து எவ்வளவு உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பதையும் அளந்தாக வேண்டும். கொறங்காட்டில் மேயும் நாட்டினமான காங்கேயம் பசு நாளொன்றுக்கு இரண்டு, மூன்று லிட்டர் அளவில்தான் கறக்கும். கலப்பினப் பசு அதைப்போலப் பல மடங்கு கறக்கும். ஆனால் அந்தப் பாலுக்குப் பின்னால் வேறொரு மாவட்டத்திலோ மாநிலத்திலோ விளைந்த மக்காச்சோளமும், சோயாப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும், தீவனப்புல்லுக்கு இறைத்த கிணற்று நீரும், அந்தப் பயிர்களுக்கு இட்ட யூரியாவும், யூரியாவை உண்டாக்க எரித்த இயற்கை எரிவாயுவும் நிற்கின்றன. கணக்கில் அந்த நிலமும் நீரும் வேறிடத்தில் எழுதப்படுவதால் பால் மட்டும் மலிவாகத் தெரிகிறது. காங்கேயம் பசுவின் பங்களிப்போ பாலோடு முடிவதில்லை. அதன் காளைக் கன்று உழவுக்கும் வண்டிக்கும் போனது, அதன் சாணம் அதே மண்ணுக்குத் திரும்பியது. காளையின் உழைப்பை டிராக்டரும் லாரியும் எடுத்துக்கொண்டதும் அந்தக் கணக்கின் பெரும்பகுதி சரிந்தது. இன்று கொறங்காட்டை நம்பிய பல குடும்பங்களுக்குக் கைக்காசாக வருவது மயிலம்பாடி, மேச்சேரி ஆடுகளின் விற்பனையே. அதே வேளையில், இன்று தமிழ்நாடு குடிக்கும் பால் முழுவதையும் கொறங்காடுகளிலிருந்து எடுத்துவிட முடியும் என்று எவரேனும் சொன்னால் அது பிழை. நிலத்தின் தாங்குதிறன் அதற்கு இடம்தராது. மேய்ச்சல் தரக்கூடிய அளவுக்குள் நுகர்வு நிற்க வேண்டும் என்பதே அந்த நிலம் நமக்குத் தரும் விடை, கேட்பதற்குக் கடினமாக இருந்தாலும்.

காங்கேயம் மாட்டையும் கொறங்காட்டையும் பிரித்துப் பார்ப்பது இயலாது. பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று ஏறத்தாழ ஆறு மாதத்தில் வெளுத்துச் சாம்பல்நிற மயிலையாகிறது. வளர்ந்த காளையின் திமிலும் முன்னங்காலும் தொடைப்பகுதியும் கருத்துக் காணப்படும். சரளைத்தரையில் நாளெல்லாம் நடந்து, காய்ந்த புல்லைத் தின்று, கோடை வெயிலைத் தாங்கி வளர்ந்ததால் உறுதியான குளம்பும் திரண்ட உடலும் அதற்கு அமைந்தன. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் தம் பெருமந்தையில் பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்து இவ்வினத்தைச் செம்மைப்படுத்தியதைக் கால்நடை நூல்கள் குறிப்பிடுகின்றன. சித்திரையில் கண்ணபுரத்தில் கூடும் மாட்டுத்தாவணியும், ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தையும் இவற்றுக்குப் பெயர்பெற்றவை. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் மெரினாவில் திரண்டபோது நாட்டுமாடு என்னும் சொல் வீடுதோறும் ஒலித்தது. அந்த மாடு மேய வேண்டிய காட்டைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அந்தக் காடு இப்போது பல பக்கங்களிலிருந்தும் சுருங்குகிறது. பாகப்பிரிவினையில் நிலம் துண்டாகும்போது ஒவ்வொரு துண்டும் ஆறவிட்டு மேய்ப்பதற்குப் போதாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. மனைப்பிரிவுகளும் நூற்பாலைகளும் காற்றாலைகளும் சூரிய மின்பலகைகளும் இதே மேட்டு நிலத்தைத் தேடி வருகின்றன, ஏனெனில் பயிர் விளையாத நிலம் பயனற்ற நிலம் என்னும் எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கவனிப்பாரற்ற காடுகளில் சீமைக்கருவேலம் நுழைந்து புல்லின் மீது கவிந்துகொள்கிறது. கிளுவை வேலியை வெட்டிச் சீர்செய்ய ஆள் கிடைக்காத இடத்தில் கம்பிவேலி வருகிறது. கம்பி மாட்டைத் தடுக்கும், ஆனால் இட்டேரியின் கௌதாரிக்கு அதில் புகலிடமில்லை. ஊர்ப்பொதுவான மேய்ச்சல் புறம்போக்குகளோ ஆக்கிரமிப்பாலும் வேறு பயன்களுக்கு மாற்றப்பட்டதாலும் இதற்கு முன்பே பெரிதும் கரைந்துவிட்டன.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகத்தாருக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக 2022 மார்ச்சில் அறிவித்தது. அந்த அறிவிப்பு கொங்குநாட்டில் பொருள் பெற வேண்டுமானால், புல் நிற்கும் மானாவாரி நிலத்தைத் தரிசு என்று எண்ணும் வழக்கம் முதலில் மாற வேண்டும்; விவசாயப் பயிருக்குத் தரப்படும் மானியமும் காப்பீடும் மேய்ச்சல் காட்டுக்கும் கிடைக்க வேண்டும்; ஆறவிட்டு மேய்க்க நிலம் போதாத சிறு உழவர்கள் அண்டை நிலங்களைச் சேர்த்துக்கொள்ளும் நெடுங்காலக் குத்தகைக்குப் பாதுகாப்பு வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்ட நிலத்தில் கொழுக்கட்டைப்புல் மீண்டும் வருவது இயலக்கூடியதே. ஆனால் அதற்கு விதை வேண்டும், விதையைக் காட்டில் நிற்கும் கதிரிலிருந்து கையால்தான் உருவியெடுக்க வேண்டியிருக்கிறது. பஞ்சுபோல் மென்மயிர் சூழ்ந்த அந்த விதை உருவியவுடன் சரியாக முளைப்பதில்லை. அதற்கு உறக்கக் காலம் உண்டு. தை மாதத்தில் உருவிய விதையைச் சாக்கில் கட்டி ஈரம் படாமல் வைத்து, ஐப்பசி மழைக்கு முன்னர் செம்மண்ணோடு பிசறித் தூவுகிறார்கள்; தூர் கட்டி வேர் இறங்கும் வரை அந்தக் காட்டின் படல் அடைத்தே இருக்கும்.